ஜூலை மாதத்துத் தேதிகள்: ‘வரலாற்றில் இன்று’ படிப்பவர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்கா விடுதலை அறிவித்தது 1776 ஜூலை 4 அன்று என்று எல்லாக் காலண்டரும் சொல்லும். ஆனால் பிரிட்டனிடமிருந்து பிரிவது என்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ், அதாவது அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை, வாக்களித்து முடிவெடுத்தது ஜூலை 2 அன்று. மறுநாள் அதன் உறுப்பினரும் பின்னாளில் அமெரிக்க அதிபரானவருமான ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்குக் கடிதம் எழுதுகிறார். இனி வரும் தலைமுறைகள் ஜூலை இரண்டாம் தேதியை மணியடித்தும் விளக்கேற்றியும் ஊர்வலம் போயும் கொண்டாடும் என்று அதில் அடித்துச் சொல்கிறார். கொண்டாட்டத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பலித்தது. தேதி மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது.

ஜூலை 4 என்பது விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட நாள். உடனே அச்சடித்து ஊர் ஊராக அனுப்பிய தாளின் தலைப்பில் அந்தத் தேதி இருந்தது. மக்கள் கண்ணில் பட்டது அதுதான், அதனால் அதுவே நின்றது. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2 அன்றுதான்.

ஆக, ஒரே விஷயத்துக்கு மூன்று தேதிகள், மூன்றும் உண்மை. ‘வரலாற்றில் இன்று’ என்று வரும் பட்டியல்களைப் படிக்கத் தொடங்குகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். தேதி என்பது ஒரு கேள்விக்குப் பதில். எந்த நாள்காட்டியின்படி, எந்த ஊர்க் கடிகாரத்தின்படி, சம்பவத்தின் எந்தக் கட்டத்தை வைத்து, யார் எழுதி வைத்த பதிவின்படி என்று கேட்டால்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம் வரும். பட்டியல் பதிலை மட்டும் கொடுத்துவிட்டுக் கேள்வியை விழுங்கிவிடுகிறது.

இதை விளக்க ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அது நடுக்கோடை. நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்து, ஆனி போய் ஆடிக் காற்று அடிக்கிற நேரம். இந்த மாதத்துத் தேதிகளில் மேலே சொன்ன சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் நல்ல உதாரணம் கிடைக்கிறது.

முதலில் மாதத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அதனால் இந்த மாதத்துக்கு ஐந்தாவது என்ற பொருளில் குயின்டிலிஸ் என்று பெயர். கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசர் பிறந்த மாதம் என்பதால், அவர் பெயரை இதற்கு வைத்தார்கள். பிறந்தநாளுக்காக ஒரு மாதத்துக்கே பெயர் மாறியிருக்கிறது. ஆனால் அந்தப் பிறந்தநாள் 12-ஆம் தேதியா 13-ஆம் தேதியா என்று இன்றுவரை இரண்டு பேச்சு இருக்கிறது. 13-ஆம் தேதி அப்போலோ தெய்வத்தின் திருவிழா நாள். அன்று வேறு கொண்டாட்டம் கூடாது என்று சீசர் இறந்த பிறகு அவருடைய பிறந்தநாள் விழாவை ஒரு நாள் முன்னால் நகர்த்தினார்கள் என்கிறார்கள். பிறந்தநாள் வேறு, பிறந்தநாள் கொண்டாடும் நாள் வேறு என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைப்பது கடினம்.

சீசர் மாதத்துக்குப் பெயர் கொடுத்ததோடு நிற்கவில்லை. நாள்காட்டியையே திருத்தியவரும் அவர்தான். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு நாள் கூட்டுவது என்ற ஏற்பாடு அவர் காலத்தது. அதன்படி ஆண்டின் சராசரி நீளம் 365.25 நாள். பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆவதோ சுமார் 365.2422 நாள். ஆண்டுக்கு 11 நிமிடம்தான் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் என்று அது சேர்ந்துகொண்டே போகும். 1582-க்குள் பத்து நாள் சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டு போப் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்துக் கணக்கைச் சரிசெய்தார். இன்று நாம் பயன்படுத்துவது அந்தத் திருத்தப்பட்ட நாள்காட்டி.

எல்லா நாடும் அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் தொல்லை இல்லை. கத்தோலிக்க நாடுகள் சீக்கிரம் மாறின. போப் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று பிரிட்டன் 1752 வரை பழையதையே வைத்திருந்தது. ரஷ்யா 1918 பிப்ரவரியில்தான் மாறியது. இடைப்பட்ட காலத்தில் எல்லையைத் தாண்டினால் தேதியும் மாறும். வித்தியாசம் 1700 வரை 10 நாள், பதினெட்டாம் நூற்றாண்டில் 11, பத்தொன்பதில் 12, அதன்பிறகு 13. பழைய தேதி ஒன்றைப் பார்க்கும்போது எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்பது இதனால்தான்.

இதனால் வந்த குழப்பத்துக்கு வட அயர்லாந்தில் ஒரு பொது விடுமுறையே இருக்கிறது. 1690-இல் பாயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டன்ட் அரசர் மூன்றாம் வில்லியம், பதவியிழந்த கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸைத் தோற்கடித்தார். அன்றைய பிரிட்டிஷ் கணக்கில் ஜூலை 1. புதிய நாள்காட்டிக்குச் சரியாக மாற்றினால், 10 நாள் கூட்டி, ஜூலை 11. வில்லியமின் வெற்றியைக் கொண்டாடும் ஆரஞ்சு அமைப்பு என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தினர் மேளம் கொட்டி ஊர்வலம் போவதோ ஜூலை 12! 1752-இல் நாள்காட்டி மாறியபோது விட்ட நாள்கள் 11, அதையே பழைய தேதியோடு கூட்டிவிட்டால் 12 வரும். அதோடு, மறு ஆண்டு ஜூலை 12 அன்று, பழைய கணக்கில், ஆக்ரிம் என்ற இடத்தில் இன்னொரு பெரிய போர் நடந்தது. முதலில் கொண்டாடப்பட்டதே அதுதான் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும், ஜூலை 12 அன்று ஊர்வலம் போகிறவர்கள் பாயின் போர் நடந்த நாளில் போகவில்லை.

பிறந்தநாளிலும் இதே கதைதான். மின்னியல் மேதை நிக்கோலா டெஸ்லாவின் பிறந்தநாள் ஜூலை 10, 1856. இன்றைய குரோவேஷியாவில் இருக்கும் ஸ்மில்யான் என்ற ஊரில் செர்பியக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார், அந்தத் தேவாலயம் பழைய நாள்காட்டியில் இருந்தது. அதன்படி அவர் பிறந்தது ஜூன் 28. இரண்டும் ஒரே நாள்தான், 12 நாள் வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டது 1918 ஜூலை 17 அதிகாலை, யெகாட்டரின்பர்க்கில். அதற்கு ஐந்து மாதம் முன்பே நாடு புதிய நாள்காட்டிக்கு மாறிவிட்டது. அவர் மட்டும் தன் நாட்குறிப்பில் பழைய தேதியையே போட்டுவந்தார். அதில் கடைசியாக எழுதிய பக்கம் ஜூன் 30, அதாவது புதிய கணக்கில் ஜூலை 13. தன்னைப் பதவியிலிருந்து இறக்கியவர்களின் தேதியை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

நாள்காட்டிச் சண்டை இருபதாம் நூற்றாண்டில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சரி, அதற்குப் பிறகாவது தேதிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்றால், அங்கே கடிகாரம் குறுக்கே வருகிறது.

மனிதன் நிலவில் இறங்கிய நாள் எது? ஜூலை 20, 1969 என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அது அமெரிக்கத் தேதி. அப்போலோ 11-இன் இறங்குகலம் நிலவைத் தொட்டபோது கிரீன்விச் கணக்கில் ஜூலை 20 இரவு 8.17. இந்தியக் கடிகாரத்தில் அது ஜூலை 21, அதிகாலை 1.47. நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து காலை நிலவின் மண்ணில் வைத்தபோது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஜூலை 20 இரவு 10.56. நமக்கு ஜூலை 21 திங்கட்கிழமை காலை 8.26. கிரீன்விச் நேரப்படியே அது 21-ஆம் தேதிக்குள் வந்துவிட்டது. ஆகவே ‘மனிதன் நிலவில் கால் வைத்த நாள் ஜூலை 20’ என்ற வரி அமெரிக்கக் கண்டங்களின் பக்கம் மட்டும்தான் முழுக்கச் சரி. அன்று காலை வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பெரியவர்கள் 21 என்று சொன்னால் அவர்கள் மறந்துபோய்ச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அதே வார இறுதியில் இந்தியாவில் வேறொரு பரபரப்பு. ஜூலை 19 சனிக்கிழமை 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. பிரதமர் இந்திரா காந்தி அன்று இரவு வானொலியில் அறிவித்தார். ஏன் சனிக்கிழமை? திங்கட்கிழமை, 21-ஆம் தேதி, நாடாளுமன்றம் கூட இருந்தது. கூடிவிட்டால் அவசரச் சட்டத்துக்கு இடமில்லை. கையெழுத்துப் போட வேண்டிய தற்காலிகக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி, தேர்தலில் நிற்பதற்காக 20-ஆம் தேதி பதவி விலகினார். இந்தத் தேதி தானாக விழுந்ததல்ல, இரண்டு கெடுக்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் செருகப்பட்டது. பட்டியலில் ‘1969: வங்கிகள் தேசியமயம்’ என்று ஒரு வரியில் வரும்போது இந்த விறுவிறுப்பெல்லாம் போய்விடுகிறது.

நள்ளிரவுக்குப் பக்கத்தில் நடக்கிற எதற்கும் இந்தக் கடிகாரச் சிக்கல் உண்டு. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் ஓல்டம் நகரில் பிறந்தது 1978 ஜூலை 25 இரவு 11.47. பதின்மூன்று நிமிடம் தாமதமாகியிருந்தால் பிறந்தநாள் 26. நம் கடிகாரத்தில் ஏற்கெனவே 26-ஆம் தேதி விடியப்போகிற நேரம். இதற்காக யாரும் அவருடைய பிறந்தநாளை மாற்றிச் சொல்லத் தேவையில்லை. பிறந்த ஊர்க் கடிகாரமே கணக்கு என்பது பொது வழக்கம். நிலவுக்கு மட்டும் சொந்தக் கடிகாரம் இல்லாததால் அமெரிக்காவின் கடிகாரத்தைக் கடன் வாங்கியிருக்கிறோம்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இருப்பதிலேயே சுவையானது. நீண்டு போகிற ஒரு சம்பவத்தில் எந்தக் கட்டத்தை ‘அந்த நாள்’ என்று எடுப்பது? இதை வரலாறு முடிவுசெய்வதில்லை, பின்னால் வருகிறவர்கள் முடிவுசெய்கிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜூலை 18 இப்போது தமிழ்நாடு நாள். 1967-இல் அந்த நாளில்தான் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானத்தை முதலமைச்சர் அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவர, அது ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் சட்டமாக்கி, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நேரத்தில். மொழிவாரியாகப் பிரிந்து ஏறக்குறைய இன்றைய எல்லைகளோடு மாநிலம் உருவானதோ 1956 நவம்பர் 1. 2019-இல் அ.தி.மு.க. அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-இல் தி.மு.க. அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றியது. ஒருவருக்கு நிலம் முக்கியம், இன்னொருவருக்குப் பெயர் முக்கியம். எதை மாநிலத்தின் பிறப்பு என்று நினைக்கிறோம் என்பதே இங்கே வழக்கு, தேதி அதன் மேல்தோல். இதுவும் அரசியல்தானே என்று கேட்டால், ஆமாம், அரசியல்தான். தேசிய நாள்கள் எல்லாமே அப்படி முடிவானவைதான்.

பிரான்ஸைப் பாருங்கள். ஜூலை 14 அவர்களுடைய தேசிய நாள். 1789-இல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைப் பிடித்த நாள் என்று நாம் படித்திருக்கிறோம். அவர்கள் முதலில் போனது வெடிமருந்துக்காக. அன்று காலை வேறோர் இடத்தில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைக் கைப்பற்றியாயிற்று, சுடுவதற்கு மருந்து இல்லை, அது பாஸ்டிலில் இருந்தது. கொடுங்கோன்மையின் சின்னம் என்று பேர்பெற்ற அந்தச் சிறைக்குள் அன்று இருந்த கைதிகள் ஏழே பேர். அரசர் பதினாறாம் லூயி அன்றைய குறிப்பில் எழுதி வைத்தது ‘ஒன்றுமில்லை’. அதை வைத்து அவரைக் கேலி செய்யாதவர் இல்லை. ஆனால் அது வேட்டைக் கணக்கு எழுதும் குறிப்பேடு. வேட்டையில் அன்று ஒன்றும் விழவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1880-இல், ஜூலை 14-ஐத் தேசிய நாளாக்கச் சட்டம் வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ரத்தம் சிந்திய நாளை எப்படிக் கொண்டாடுவது என்றார்கள். அதற்கு ஒரு பதில் கையில் இருந்தது. பாஸ்டில் விழுந்து சரியாக ஓராண்டு கழித்து, 1790 ஜூலை 14 அன்று, நாட்டின் பல பகுதி மக்களும் பாரிஸில் கூடி ஒற்றுமை விழா கொண்டாடினார்கள், அரசரும் வந்து உறுதிமொழி எடுத்தார். வேண்டுமென்றால் அதை நினைத்துக் கொண்டாடுங்களேன் என்றார்கள். சட்டத்தில் ‘ஜூலை 14’ என்று மட்டும் இருக்கிறது, ஆண்டு இல்லை. விடாமல் படிக்கிறவர்கள் மட்டும் கவனிக்கிற சாமர்த்தியம் இது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் ஒவ்வொரு ஜூலை 14-லும் மரியாதை செலுத்தும் சொல்தாக்களும், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும், இந்த இரண்டில் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், புரட்சி ஏன் ஜூலையில் வெடித்தது என்று ஒரு கேள்வி வரும். தற்செயல் பாதி, பருவம் பாதி. 1788 ஜூலை 13 அன்று பாரிஸைச் சுற்றிய வட்டாரத்தில் பெரும் ஆலங்கட்டி மழை பெய்து விளைந்து நின்ற கோதுமையை நாசமாக்கியது. அந்த ஆண்டு அறுவடை மோசம். பழைய தானியம் தீர்ந்து புதுசு இன்னும் களத்துக்கு வராத நேரம் கோடைதான். 1789 ஜூலை நடுவில் பாரிஸில் ரொட்டி விலை உச்சத்தைத் தொட்டது. அதே வாரத்தில் மக்களுக்குப் பிடித்த நிதியமைச்சர் நெக்கரை அரசர் பதவி நீக்கினார். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஐரோப்பிய வரலாற்றில் கோடை மாதங்களில் சம்பவங்கள் நெருக்கமாக இருப்பதற்கு இதுபோல மண்ணோடு ஒட்டிய காரணங்கள் உண்டு. பாதை காய்ந்திருக்கும், குதிரைக்குப் புல் கிடைக்கும், பகல் நீளம், அதனால் படைகள் நகரும். 1914-லும்கூட இது பேசியது. ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது ஜூன் 28, செர்பியா மீது போர் அறிவிப்பு வந்ததோ ஜூலை 28. இடையில் ஒரு மாதம் ஓடியதற்கான காரணங்களில் ஒன்று, ஆஸ்திரியப் படைவீரர்களில் கணிசமானோர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தது. முதல் உலகப் போரே கதிர் அறுப்புக்குக் காத்திருந்தது என்றால் கொஞ்சம் மிகை, ஆனால் முழுப் பொய்யில்லை.

நம் பக்கத்தில் ஜூலை என்றதும் நினைவுக்கு வர வேண்டிய நாள் 10. 1806-இல் அன்று அதிகாலை வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரைத் தாக்கிக் கோட்டையைப் பிடித்தார்கள். முந்தைய நாள் கோட்டைக்குள் திப்பு சுல்தான் மகளின் திருமணம். கூட்டத்தோடு கூட்டமாக ஆள்கள் உள்ளே இருக்க அது தோதாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். அதன்பின் பழிவாங்கலில் செத்த சிப்பாய்களின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். எல்லாம் ஒரே நாளில் முடிந்ததால் இந்தத் தேதியில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் ஒரு நாளுக்குள் அடங்கிய சம்பவத்துக்கும் பின்கதை உண்டு. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதணி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டன. மே மாதம் அந்தத் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி விழுந்தது. ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் ஜூலை 10 வரும். மே மாதக் கசையடி எந்தப் பட்டியலிலும் வராது. சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க் இதனால் பதவியிழந்தார் என்பதும் அநேகமாக வராது.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்று உண்டு, தேதிக்குள் அடங்காதது. இலங்கையில் 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். 24 இரவு கொழும்பில் தமிழர் மீது வன்முறை தொடங்கியது. 25-ஆம் தேதியும் 27-ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மாதக் கடைசிவரை வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார்கள். இறந்தவர்கள் சில நூறு என்றது அரசு, மூவாயிரம் வரை என்கின்றன தமிழர் அமைப்புகள். இதை யாரும் ஒரு தேதியால் குறிப்பதில்லை. கறுப்பு ஜூலை என்கிறார்கள். நினைவு நாள் 23 என்று பலரும் வைத்துக்கொண்டாலும், நடந்தது ஒரு நாளில் அல்ல என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பட்டியல்களில் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் விட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது. தேதி சார்ந்த எந்தப் பட்டியலுக்கும் இது பெரிய குறை. நாள் கணக்கில் நடந்தது வரும், வாரக் கணக்கில் நடந்தது நழுவும்.

இனி பிறந்தநாள்கள். இங்கே மேலே சொன்ன எல்லாச் சிக்கலோடு, சம்பந்தப்பட்டவரின் ஆசையும் சேர்ந்துகொள்கிறது.

ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். அமெரிக்காவின் பிறந்தநாளில், நூற்றாண்டின் நல்ல முழு எண்ணில், எவ்வளவு பொருத்தம்! அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1980-களில் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றில் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. அதில் இருந்தது 1901 ஆகஸ்ட் 4. அவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் சரியான தேதி தெரியாமல் இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். மெக்சிக ஓவியர் ஃப்ரீடா காலோவின் கதை வேறு. பதிவில் இருப்பது 1907 ஜூலை 6. அவரோ 1910 ஜூலை 7 என்று சொல்லிக்கொண்டார். 1910 மெக்சிகப் புரட்சி தொடங்கிய ஆண்டு. புரட்சியோடு கூடப் பிறந்தவளாக இருக்க ஆசை.

நம் ஊரில் இதற்கு அரசாங்க முத்திரையே உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆயிற்று. பிறந்த தேதி கேட்டு அப்பா விழித்தால் வாத்தியாரே ஒன்றைப் போட்டுவிடுவார். பள்ளி திறப்பது ஜூனில், அதனால் வயதுக் கணக்குச் சரியாக வரும்படி மே, ஜூன் தேதிகளாகப் போட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமுறையில் அந்த இரு மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதாகத் தோன்றினால் காரணம் இதுதான். பழைய ஆளுமைகளின் பிறந்த தேதியை நம்புவதற்கு முன் அது பள்ளிச் சான்றிதழா வீட்டு ஜாதகமா என்று பார்ப்பது நல்லது.

ஜாதகம் என்றதும் இன்னொன்று. நம் மரபில் பிறந்தநாள் என்பது மாதமும் நட்சத்திரமும்தான், தேதி அல்ல. முதலாம் ராஜேந்திர சோழனின் பிறந்தநாள் ஆடித் திருவாதிரை, கல்வெட்டில் அப்படித்தான் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இப்போது அரசு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அப்பா ராஜராஜனுக்குத் தஞ்சையில் ஐப்பசிச் சதயம், மகனுக்கு இங்கே ஆடித் திருவாதிரை. ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவதால் விழா ஒரு வருடம் ஜூலையில் வரும், இன்னொரு வருடம் ஆகஸ்டுக்குப் போகும். ‘ஜூலையில் பிறந்தவர்கள்’ பட்டியலில் ராஜேந்திரனைச் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்கலாம், ஆனால் தேதிக்கான கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

சிக்கலே இல்லாத ஜூலைப் பிறந்தநாள்களும் நிறைய உண்டு. காமராஜர் 1903 ஜூலை 15, விருதுநகர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது கல்வி வளர்ச்சி நாள். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிய உதவிய எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1920 ஜூலை 25. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30, புதுக்கோட்டை. நெல்சன் மண்டேலா 1918 ஜூலை 18. இது ஐ.நா. அறிவித்த மண்டேலா நாளும் கூட. அவர் எண்பதாவது பிறந்தநாளன்றே கிராசா மாஷேலைத் திருமணமும் செய்துகொண்டார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தென்னாப்பிரிக்காவில் ஜூலை நடுக்குளிர்காலம். ஜூலை கோடை மாதம் என்பதும் இருக்கிற இடத்தைப் பொறுத்ததுதான்.

பட்டியல்களைப் பார்த்ததும் எல்லோரையும் கவர்வது ஒற்றுமைகள். ஜான் ஆடம்ஸும், விடுதலைப் பிரகடனத்தை எழுதிப் பின்னர் அதிபரான தாமஸ் ஜெஃபர்சனும் ஒரே நாளில் இறந்தார்கள், அதுவும் 1826 ஜூலை 4, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. ஐந்து ஆண்டு கழித்து இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்ரோவும் ஜூலை 4 அன்றே இறந்தார். மேற்கு வங்க முதல்வராக இருந்த மருத்துவர் பி.சி. ராய் பிறந்தது 1882 ஜூலை 1, இறந்தது 1962 ஜூலை 1. அதுவே இந்தியாவில் மருத்துவர் நாள். உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலை 16, அப்போலோ 11 கிளம்பியது 1969 ஜூலை 16. ஜூலைக்கு 31 நாள்தான், பதிவாகியிருக்கும் வரலாறோ பல நூற்றாண்டு. எந்தத் தேதியைத் தோண்டினாலும் இப்படி இரண்டு மூன்று மோதும். ஆடம்ஸ், ஜெஃபர்சன் விஷயத்தில் மட்டும் சிலர் வேறு விளக்கமும் சொல்கிறார்கள். இருவரும் முதுமையில் நோயோடு இருந்தார்கள், ஐம்பதாம் ஆண்டு விழாவைப் பார்த்துவிட வேண்டும் என்று உயிரைப் பிடித்து வைத்திருந்திருக்கலாம் என்று. அப்படியென்றால், ஜூலை 2-தான் பெரிய நாள் என்று ஒரு காலத்தில் எழுதிய ஆடம்ஸும் ஜூலை 4-க்காகத்தான் காத்திருந்தார்.